கண்ணீரில் புரதம் அளந்து கண் நோயை அறிவது எப்படி: வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கும் லேப்காரர்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

கண்ணில் எந்த நேரமும் நிற்கிற கண்ணீர் ஏறக்குறைய 7 மைக்ரோலிட்டர்தான். நாம் விடுகிற ஒரு சொட்டு மருந்தே 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரும். அவ்வளவு கொஞ்சமான நீருக்குள் 1,500-க்கும் மேற்பட்ட புரதங்கள் இருப்பதை, மூலக்கூறுகளை எடை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி காட்டியிருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் கண்ணீரில் மொத்தப் புரதம் 6 முதல் 10 மில்லிகிராம். அதில் பெரும்பங்கு லைசோசைம், லாக்டோஃபெரின், லிப்போகாலின், சுரப்பு ஐ.ஜி.ஏ (சுரப்பு நீரில் வரும் எதிர்ப்பொருள்) என்ற நான்கும்தான். மற்றவை எல்லாம் சேர்ந்து மிச்சம். ஆனால் நோயைக் காட்டிக்கொடுப்பது பல நேரம் அந்த மிச்சத்தில் இருப்பவைதான்.

காட்பாடியில் பயோடெக் படித்துக்கொண்டு ப்ராஜெக்ட் தேடும் மாணவர்கள், ஆப்டோமெட்ரி, எம்.எல்.டி பிள்ளைகள், கண் மருத்துவமனைகளில் லேப் பார்ப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் உறுதியான கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலைசா (எதிர்ப்பொருளால் புரதத்தைப் பிடித்து, நிறத்தை வைத்து அளக்கும் முறை) பிளேட்டில் வரும் எண்ணின் தரம், கண்ணீர் எடுக்கும் அந்த ரெண்டு மூன்று நிமிடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு விலை உயர்ந்த மெஷின் இருந்தாலும் அதைத் திருத்த முடியாது. அதனால் எடுக்கும் முறையைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

முதல் படி: எதற்காக அளக்கிறோம்?

"கண்ணீர்ப் புரதம் பார்க்கணும்" என்பது கேள்வியே ஆகாது. எந்தப் புரதம், எந்தச் சந்தேகத்துக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கண்ணீர்ச் சுரப்பி சரியாகச் சுரக்கிறதா என்று தெரியணுமானால் லாக்டோஃபெரின் பாருங்கள். சுரப்பியே உற்பத்தி செய்கிற புரதம் அது. சுரப்பி நலிந்தால் அளவு குறையும். கண்ணின் மேற்பரப்பில் அழற்சி இருக்கிறதா என்று தெரியணுமானால் எம்.எம்.பி-9 என்ற நொதி. அலர்ஜி என்றால் ஐ.ஜி.இ என்ற அலர்ஜி எதிர்ப்பொருளும், இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் வெளியிடும் ஈ.சி.பி என்ற புரதமும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து கண்ணீரில் கலக்கிறதா என்று தெரியணுமானால் அல்புமின். அல்புமின் கூடியிருந்தால் ஐ.ஜி.இ கூடியிருப்பதையும் சந்தேகத்தோடுதான் பார்க்கணும், ஏனென்றால் அதுவும் ரத்தத்திலிருந்து கசிந்து வந்திருக்கலாம். ஆகவே ஐ.ஜி.இ பார்க்கும்போது அல்புமினையும் சேர்த்துப் பார்ப்பது நல்ல வழக்கம்.

ஆராய்ச்சியாக இருந்தால் கல்லூரியின் அல்லது மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி வாங்காமல் ஒரு கண்ணையும் தொடாதீர்கள். ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்கணும்.

இரண்டாம் படி: யாரிடம் எடுக்கலாம், யாரிடம் கூடாது

உட்கார வைத்ததும் விசாரித்துவிடுங்கள். சொட்டு மருந்து விடுகிறாரா, கடைசியாக எப்போது விட்டார், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறாரா, சமீபத்தில் புரை அறுவை சிகிச்சை நடந்ததா? கண்ணழுத்த நோய்க்கு வருடக்கணக்காக மருந்து விடுகிறவரா என்றும் கேளுங்கள். அந்த மருந்துகளில் சேர்க்கும் பதப்படுத்தும் பொருளே கண்ணின் மேற்பரப்பைப் புண்படுத்தி அழற்சியைக் கூட்டும். ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் சொட்டு விடுகிறவருக்கு எம்.எம்.பி-9 இறங்கிக் காட்டும். செயற்கைக் கண்ணீர் விட்டிருந்தால் குறைந்தது ரெண்டு மணி நேரம் காத்திருங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் அவசியம். "கண்ணுல வேற ஏதாவது விட்டீங்களாம்மா?" என்று தனியாகக் கேளுங்கள். "மருந்து விட்டீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். விளக்கெண்ணெயும், நந்தியாவட்டைப் பூச்சாறும், தாய்ப்பாலும் அவர்கள் கணக்கில் மருந்து கிடையாது. தாய்ப்பாலில் லாக்டோஃபெரின் ஏராளம். அதை விட்டுக்கொண்டு வந்தவரின் கண்ணீரில் லாக்டோஃபெரின் அளந்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணெய் விட்டிருந்தால் மாதிரியே கெட்டுப்போகும். அப்படி வந்தவரைத் திட்டாமல் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

தொழிலையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர், குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர், நாள் முழுக்க பைக்கில் அலைகிறவர் என்று எல்லாருடைய கண்ணும் ஒன்றல்ல. புகை, தூசி, ரசாயன நெடி எல்லாம் கண்ணீரின் கலவையை மாற்றும். முடிவைப் படிக்கும்போது அந்த ஒரு வரிக் குறிப்பு கை கொடுக்கும்.

கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கடும் வலி, பார்வை மங்கல் இருந்தால் கண்ணீர் எடுக்கிற பேச்சே வேண்டாம். அது கருவிழிப் புண்ணாக இருக்கலாம். வயல் வேலையில் நெல் தாள், சோளத் தோகை கீறி வருகிற பூஞ்சைப் புண்ணுக்குத் தேவை புண்ணைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் உடனடிச் சிகிச்சையும். ஆரணி ரோட்டில் உள்ள ஷெல் கண் மருத்துவமனைக்கோ, பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்கோ அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மெட்ராஸ் ஐ வந்தவரிடமும் ஆராய்ச்சிக்காக எடுக்க வேண்டாம். கை மூலம் மற்றவருக்குப் பரவும்.

மூன்றாம் படி: அறையும் வரிசையும்

ஃபேன் காற்று நேராக முகத்தில் படக் கூடாது. கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் நிறுத்துங்கள், அல்லது நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். ஏ.சி இருந்தாலும் காற்று வீசும் திசையைப் பாருங்கள். வெயிலில் வந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளே உட்கார வையுங்கள். அறை வெப்பநிலை, ஈரப்பதம், மணி மூன்றையும் எழுதுங்கள். தூங்கி எழுந்தவுடன் எடுக்காதீர்கள். மூடிய கண்ணின் கண்ணீரில் சுரப்பு ஐ.ஜி.ஏ மிக அதிகம், வெள்ளணுக்களும் நிறைய இருக்கும். அதை விழித்திருப்பவரின் கண்ணீரோடு ஒப்பிட முடியாது. ஒரு ஆய்வில் எல்லாரிடமும் ஒரே நேரத்தில், உதாரணத்துக்கு காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள், எடுத்துவிடுங்கள்.

வரிசை முக்கியம். கண்ணீர் எடுப்பது முதலில். அப்புறம் எம்.எம்.பி-9 துரிதப் பரிசோதனை. அதற்குப் பின்தான் ஃப்ளூரசீன் சாயம், ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) வெளிச்சம். கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்கும் ஷிர்மர் காகிதப் பரிசோதனை கடைசி. மரத்துப்போகும் சொட்டை ஆரம்பத்தில் விட்டால் அன்றைய மாதிரி வீண்.

நான்காம் படி: அழ வைக்காமல் கண்ணீர் எடுப்பது

கண்ணீர் ஒன்றல்ல. சும்மா இருக்கும்போது மெல்ல ஊறுவது அடிப்படைக் கண்ணீர், நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர் அளவில் ஊறும். கண்ணில் ஏதாவது பட்டதும் பொங்கி வருவது அனிச்சைக் கண்ணீர். நோயைக் காட்டுவது பெரும்பாலும் முதல் வகை. பொங்கி வரும் கண்ணீரில் சுரப்பு ஐ.ஜி.ஏ சட்டென்று இறங்கிவிடும், அழற்சிப் புரதங்களும் நீர்த்துப்போகும். லைசோசைம், லாக்டோஃபெரின் போன்றவை அவ்வளவாக மாறாது, ஏனென்றால் சுரப்பி நீரோடு சேர்த்து அவற்றையும் அனுப்புகிறது.

லைசோசைமைக் கண்டறிந்து 1922-ல் வெளியிட்ட அலெக்சாண்டர் ஃப்ளெமிங், எலுமிச்சையைக் கொண்டு லேப்காரர்களை அழ வைத்துத்தான் கண்ணீர் சேகரித்தார். அவர் தேடிய புரதத்துக்கு அந்த முறை பொருந்தியது. எம்.எம்.பி-9 தேடுகிற நமக்குப் பொருந்தாது.

எடுக்க மூன்று வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது கண்ணாடிக் கேப்பிலரி குழாய். முனை தீயில் மழுங்கிய, 5 மைக்ரோலிட்டர் கொள்ளும் குழாயாக வாங்குங்கள். கையுறை போட்டுக்கொண்டு நோயாளியின் பக்கவாட்டில் நில்லுங்கள், நேர் எதிரே நின்றால் குழாய் வருவதைப் பார்த்தே கண் கலங்கும். "மேல அந்தக் கடிகாரத்தைப் பாருங்கம்மா, கண்ணு கொட்டலாம், இறுக்கி மூடாதீங்க" என்று சொல்லுங்கள். கீழிமையின் வெளி மூலையில், இமைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு மெல்லிய நீர்க்கோடு மின்னும். குழாயைக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் பிடித்து, முனையை அந்த நீர்க்கோட்டில் மட்டும் தொடுங்கள். வெண்படலத்தில் (கண்ணின் வெள்ளையையும் இமையின் உட்புறத்தையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு) படக் கூடாது, இமை ரோமத்திலும் படக் கூடாது. தொட்டதும் நீர் தானாக ஏறும். நோயாளி கண் கொட்டும்போது குழாயை ஒரு நூல் பின்னுக்கு எடுத்து, மறுபடி தொடுங்கள். உங்கள் மணிக்கட்டு நோயாளியின் கன்ன எலும்பில் பதிந்திருந்தால் கை நடுங்காது.

ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். 5 மைக்ரோலிட்டர் நிரம்ப சில நிமிடம் ஆவது இயல்பு. ஒரு நிமிடத்துக்குள் குழாய் நிரம்பிவிட்டால் அது அனிச்சைக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுங்கள். எத்தனை மைக்ரோலிட்டர், எத்தனை விநாடி என்று எழுதினால்தான் அது மாதிரி. எழுதாவிட்டால் அது வெறும் நீர்தான்.

கடும் கண் வறட்சி உள்ளவரிடம் குழாயில் ஒன்றும் ஏறாது. நோய் இருப்பவரிடம்தான் மாதிரி கிடைக்காது என்பது இந்தத் துறையின் பெரிய சங்கடம். அப்போது ஷிர்மர் காகிதம் உதவும். ஓட்டோ ஷிர்மர் 1903-ல் கொண்டுவந்த முறை இது. 5 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளமுள்ள வடிகட்டிக் காகிதத்தின் நுனியை மடித்து, கீழிமையின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மாட்டி, கண்ணை மூடச் சொல்லி, 5 நிமிடத்தில் எத்தனை மி.மீ. நனைகிறது என்று பார்க்கிறோம். நனைந்த காகிதத்திலிருந்து புரதத்தையும் பிரித்தெடுக்கலாம். குறை என்னவென்றால், காகிதம் வெண்படலத்தில் உரசுவதால் செல்களும் வரும், ரத்தத்திலிருந்து கசிந்த அல்புமினும் வரும். மூன்றாவது வழியான பஞ்சுத் துண்டு, குழந்தைகளுக்குச் சுலபம். ஆனால் சில புரதங்கள் பஞ்சிலேயே தங்கிவிடும். எந்த வழியைப் பிடித்தாலும் ஆய்வு முடியும்வரை அதையே பிடியுங்கள். பாதிப் பேருக்குக் குழாய், பாதிப் பேருக்குக் காகிதம் என்றால் ஒப்பிட முடியாது.

ரெண்டு கண்ணின் நீரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

ஐந்தாம் படி: கெடாமல் வைத்தல்

புரதம் ஒட்டாத வகை பிளாஸ்டிக் டியூபில் மாற்றி, உடனே ஐஸில் வையுங்கள். குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ முகாம் போட்டு எடுத்தால் ஐஸ் பெட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள். மே மாதத்து வேலூர் வெயிலில் பஸ்ஸில் வந்து சேர்வதற்குள், கண்ணீரில் இருக்கும் நொதிகளே மற்றப் புரதங்களைத் தின்றுவிடும். செல் இருந்தால் குளிர் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி மேல்நீரை எடுங்கள். பிறகு 1, 2 மைக்ரோலிட்டராகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். பிரித்து வைப்பது சோம்பலாக இருக்கும். ஆனால் ஒரே டியூபைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் புரதம் சிதையும். லேபிளில் எண், கண், தேதி, மணி போதும். பெயர் எழுதக் கூடாது.

ஆறாம் படி: அளவிடுதல்

வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்த இடத்தில் பார்க்க எம்.எம்.பி-9 துரிதக் கருவி உண்டு. கீழிமையைத் தாழ்த்தி, உள்பக்க வெண்படலத்தில் ஆறு முதல் எட்டு இடங்களில் மெல்ல ஒற்றி எடுத்து, கருவியில் பொருத்தி, கரைசலில் நனைத்து, 10 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். நீலக் கோடு மட்டும் என்றால் பரிசோதனை சரியாக நடந்தது, எம்.எம்.பி-9 40 நானோகிராமுக்குக் கீழ். நீலமும் சிவப்பும் வந்தால் ஒரு மில்லிலிட்டருக்கு 40 நானோகிராம் அல்லது அதற்கு மேல். சிவப்பு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். கண் மிகவும் காய்ந்திருந்து நீர் போதவில்லையென்றால் பொய்யாக நெகட்டிவ் காட்டும்.

எண்ணாகவே வேண்டுமென்றால் எலைசா. இங்கே ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான கிட்டுகள் ரத்தச் சீரத்துக்காகத் தயாரித்தவை. கண்ணீருக்கு அது சரிப்படுமா என்று முதலில் சோதியுங்கள். ஒரே மாதிரியை 20,000, 40,000, 80,000 மடங்கு நீர்த்து மூன்றையும் ஓட்டுங்கள். திருப்பிப் பெருக்கினால் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே எண் வரணும். வராவிட்டால் கண்ணீரில் உள்ள வேறு ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். லாக்டோஃபெரின் மில்லிகிராம் கணக்கில் இருப்பதால்தான் இவ்வளவு நீர்க்க வேண்டியிருக்கிறது. அழற்சிச் சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் சிறு புரதங்கள்) பிகோகிராம் கணக்கில் இருப்பதால் அவற்றுக்குப் பெரிதாக நீர்க்கவே கூடாது. நுண்ணிய மணிகளில் (பீட்) பிடித்து ஒரே மாதிரியில் பல சைட்டோகைன்களை அளக்கும் முறை அதற்கு நல்லது.

ஒவ்வொரு மாதிரியையும் ரெண்டு குழியில் போடுங்கள். நோயாளிகளையும் ஆரோக்கியமானவர்களையும் ஒரே பிளேட்டில் கலந்து வையுங்கள், இல்லையென்றால் பிளேட்டுக்குப் பிளேட் வரும் வித்தியாசம் நோயைப் போலத் தோற்றம் தரும். நிறம் ஏறியதும் அமிலம் விட்டு நிறுத்தி, 450 நானோமீட்டரில் படியுங்கள். மொத்தப் புரதத்துக்கு பி.சி.ஏ முறை, 562 நானோமீட்டர்.

ஏழாம் படி: கணக்கு

குழாயில் எடுத்த கண்ணீர் என்று வையுங்கள். 2 மைக்ரோலிட்டரை 398 மைக்ரோலிட்டர் கரைசலில் கலந்தால் 200 மடங்கு. அதிலிருந்து 5 எடுத்து 995-ல் கலந்தால் மறுபடி 200 மடங்கு. மொத்தம் 40,000. எலைசாவின் அளவு வளைவில் மில்லிலிட்டருக்கு 23 நானோகிராம் என்று வந்தால், 23 × 40,000 = 9,20,000 நானோகிராம். அதாவது மில்லிலிட்டருக்கு 0.92 மில்லிகிராம்.

காகிதமானால் டியூபோடு சேர்த்து முன்னும் பின்னும் எடை போடுங்கள். நனைந்ததும் டியூபை உடனே மூடாவிட்டால் எடை நிமிடத்துக்கு நிமிடம் குறையும். 12 மில்லிகிராம் கூடியிருந்தால் 12 மைக்ரோலிட்டர் கண்ணீர் என்று கொள்ளலாம். அதில் 228 மைக்ரோலிட்டர் கரைசல் விட்டால் மொத்தம் 240, அதாவது 20 மடங்கு. இந்த 20-ஐ அடுத்த நீர்ப்புகளோடு பெருக்க மறக்காதீர்கள்.

எட்டாம் படி: எண்ணை நோயாளியோடு சேர்த்துப் படிப்பது

தனி எண்ணை வைத்து நோய் சொல்லக் கூடாது. 2017-ல் வெளியான சர்வதேச கண் வறட்சி அறிக்கையே, நோயாளி சொல்லும் தொந்தரவோடு, கண்ணீர்ப் படலம் 10 விநாடிக்குள் உடைவது, கண்ணீரின் உப்புச் செறிவு (ஆஸ்மோலாரிட்டி) லிட்டருக்கு 308 மில்லிஆஸ்மோல் அல்லது அதற்கு மேல் இருப்பது, மேற்பரப்பு சாயம் ஏற்பது ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் கண் வறட்சி என்கிறது. அது எந்த வகை வறட்சி, அழற்சி உண்டா என்று பிரிக்கத்தான் புரதம் உதவுகிறது.

வாணியம்பாடியிலிருந்து நாற்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது, தண்ணி குடிக்காம சோறு இறங்க மாட்டேங்குது" என்கிறார். ஷிர்மர் 3 மி.மீ., லாக்டோஃபெரின் 0.6 மில்லிகிராம், எம்.எம்.பி-9 பாசிட்டிவ். லாக்டோஃபெரின் 0.9-க்குக் கீழே போனால் சுரப்பு குறைந்திருக்கிறது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். வாயும் காய்கிறது, மூட்டும் வலிக்கிறது என்றால் ஷேக்ரன் நோயை (உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் நோய்) நினைக்க வேண்டும். ரத்தத்தில் எஸ்.எஸ்.ஏ எதிர்ப்பொருள் பார்க்கச் சொல்லி மூட்டு நோய் மருத்துவரிடம் அனுப்புங்கள். இந்தக் கட்டத்தில் கண்ணீர்ப் பரிசோதனை உண்மையிலேயே ஒரு உயிருக்கு உதவுகிறது, ஏனென்றால் இந்த நோய் கண்ணோடு நிற்பதில்லை.

அடுத்து, ராத்திரி வண்டி ஓட்டுகிற ஒருவர். ஷிர்மர் 16 மி.மீ., லாக்டோஃபெரின் 1.7, ஆனால் படலம் 4 விநாடியில் உடைகிறது. சுரப்பி நன்றாக இருக்கிறது, இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள்தான் அடைத்திருக்கின்றன. வெந்நீர் ஒத்தடமும் இமைச் சுத்தமும் அவருக்கு வேண்டும்.

வெயில் காலம் வந்தாலே கண்ணைத் தேய்க்கும் ஒன்பது வயதுப் பையனுக்கும் எம்.எம்.பி-9 பாசிட்டிவ் வரும். அதைப் பார்த்து வறட்சி என்று எழுதிவிடாதீர்கள். மேலிமையைத் திருப்பிப் பார்த்தால் கூழாங்கல் போலப் புடைத்திருக்கும், நூல் நூலாகப் பீளை வரும், கண்ணீரில் ஈ.சி.பி ஏறியிருக்கும். சூடான, காய்ந்த ஊர்களில் சிறுவர்களுக்கு அதிகம் வரும் அலர்ஜி அது. தேய்க்காமல் பார்த்துக்கொள்ளும்படி அம்மா அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். தேய்த்துத் தேய்த்தே கருவிழி கூம்பாகப் போகும் ஆபத்து உண்டு.

கூம்பு கருவிழி, சர்க்கரை நோய் விழித்திரைப் பாதிப்பு, பார்க்கின்சன் வரை கண்ணீரில் அடையாளம் தேடும் ஆய்வுகள் நடக்கின்றன. நல்ல முயற்சிகள்தான். ஆனால் அவை இன்னும் ஆராய்ச்சி. சர்க்கரை உள்ளவரின் விழித்திரையை மருத்துவர் கண்மணியை விரித்துப் பார்ப்பதற்கு எந்தக் கண்ணீர்ப் புரதமும் இன்று மாற்று கிடையாது.

ரிப்போர்ட் எழுதும்போது

எண்ணோடு, எடுத்த முறை, எடுத்த மணி, எத்தனை விநாடியில் எத்தனை மைக்ரோலிட்டர், கடைசியாக விட்ட சொட்டு, எந்தக் கண் எல்லாவற்றையும் போடுங்கள். "இயல்பு" என்ற வரம்பை கிட் தாளிலிருந்து அப்படியே எடுக்காமல், உங்கள் லேபில் அதே முறையில் நம் ஊர்க்காரர்களிடம் எடுத்து நிர்ணயித்ததைப் போடுங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு மறுபடி பார்ப்பதானால் சில வாரம் கழித்து, அதே கண்ணில், அதே வேளையில், முடிந்தால் அதே ஆளின் கையாலேயே எடுக்கச் செய்யுங்கள். எம்.எம்.பி-9 நெகட்டிவாக மாறியும் உறுத்தல் குறையவில்லை என்றால் எண்ணை நம்பி அவரை அனுப்பிவிடாமல், இமையைத் திருப்பி மறுபடி பாருங்கள்.